பி.எஸ்சி. முதல் வருடம்: வகுப்புக்கும் லேபுக்கும் வீட்டுக்கும் உதவும் குறிப்புகள்

பி.எஸ்சி. சேர்ந்த பிள்ளைகளில் பலர் முதல் செமஸ்டர் பாதி தாண்டுவதற்குள் "எனக்கு சயின்ஸ் செட் ஆகாது போலிருக்கு" என்று சொல்லத் தொடங்குகிறார்கள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவர்களும் இப்படிச் சொல்கிறார்கள். பக்கத்தில் உட்காரவைத்து விசாரித்தால், பாடம் புரியாதது கொஞ்சம்தான் இருக்கும். முடிக்காத ரெக்கார்டு, எழுதாமல் விட்ட இன்டர்னல், காதில் ஏறாத ஆங்கிலம், காலையில் சாப்பிடாத வயிறு, இவைதான் மீதி. இவை ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் எந்த அறிவியல் துறையில் சேர்ந்திருந்தாலும் உதவக்கூடிய குறிப்புகளைக் கீழே தந்திருக்கிறேன். வேண்டியதை வெட்டி மேஜைக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. முதல் வாரத்தில் புத்தகத்துக்கு முன் சிலபஸை வாங்குங்கள். துறை அலுவலகத்திலோ பல்கலைக்கழக இணையதளத்திலோ கிடைக்கும். ஜெராக்ஸ் எடுத்து நோட்டின் உள் அட்டையில் ஒட்டிவிடுங்கள். பகுதி 1ல் தமிழ், 2ல் ஆங்கிலம், 3ல் முதன்மைப் பாடமும் அலைடும், 4ல் சுற்றுச்சூழல் கல்வி போன்ற தாள்கள், 5ல் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற பணிகள். பட்டம் கைக்கு வர இவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வகுப்பில் ஒரு தலைப்பு முடிந்ததும் சிலபஸில் அதன் பக்கத்தில் தேதி போடுங்கள். விடுப்பு எடுத்த நாளில் எந்தப் பாடம் நடந்தது என்பது பார்த்தவுடன் தெரியும்.

2. "நான் பிசிக்ஸ் ஸ்டூடண்ட், தமிழும் இங்கிலீஷும் எதுக்கு?" என்று முதல் இரண்டு பகுதிகளை ஒதுக்காதீர்கள். 1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த ராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கவனிக்காததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அடுத்த சில ஆண்டுகள் வேலையும் வருமானமும் இல்லாமல் அவர் பட்ட பாடு ஊரறிந்தது. அவர் ராமானுஜன் என்பதால் உலகம் ஒருநாள் தேடி வந்தது. நமக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி மொழித்தாளை முடித்துவிடுவது எளிது.

3. வருகைப் பதிவுக் கணக்கை முதல் நாளிலிருந்தே நீங்களும் எழுதி வையுங்கள். ஒரு செமஸ்டருக்குப் பொதுவாக 90 வேலை நாட்கள். தேர்வெழுத 75 சதவீதம் வேண்டும். அதாவது 22 நாட்கள் வரைதான் விடலாம். காய்ச்சல், ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் விட்டால் மருத்துவச் சான்றைத் திரும்பி வந்த அன்றே கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் முடிவில் கொண்டுபோய் நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

4. தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழி வகுப்பில் உட்காரும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் மிகவும் கடினம். பேராசிரியர் சொல்வது காதில் விழும், மனதில் நிற்காது. இதை வைத்து உங்கள் அறிவை நீங்களே குறைவாக மதிப்பிட்டுவிடாதீர்கள். உங்களுக்கு உந்தம் தெரியும். அதை மொமென்டம் என்று சொல்வதுதான் புதிது.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்கள் இரண்டு மொழிகளிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் ஒரே பாடம், ஒரே வரிசை, ஒரே படங்கள். நீங்கள் தமிழில் படித்துத் தேறிய பாடத்தின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, ஒரு நாளைக்கு நான்கு பக்கம் படியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் ஆங்கிலம் தானாகப் பிடிபடும். ஒரு சின்ன நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதி வாருங்கள்: நிலைமத் திருப்புத்திறன் – மொமென்ட் ஆஃப் இனர்ஷியா, திருப்பு விசை – டார்க், குறுக்கீட்டு விளைவு – இன்டர்ஃபரன்ஸ், விளிம்பு விளைவு – டிஃப்ராக்ஷன், தளவிளைவு – போலரைசேஷன், வினைவேக மாற்றி – கேட்டலிஸ்ட். ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிப் பழகுங்கள். தீபாவளிக்குள் வகுப்பு புரியத் தொடங்கிவிடும்.

பேசக் கூச்சமாக இருந்தால் சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள். "சார், இந்த ஸ்டெப் எப்படி வந்துச்சு?" என்று கேட்பதற்கு இலக்கணம் தேவையில்லை.

5. அன்று நடந்த பாடத்தை அன்று இரவே 20 நிமிடம் புரட்டுங்கள். டெரிவேஷன் என்றால் நோட்டை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ அங்கேதான் சந்தேகம்.

6. அந்தச் சந்தேகத்தை எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போங்கள். "ஒண்ணுமே புரியல மேடம்" என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? "இந்த மூன்றாவது வரி" என்று விரலை வைத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

7. பி.எஸ்சி. முதல் வருடத்தில் அதிகம் பேரை அழவைப்பது ரெக்கார்டு நோட்டுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லேபில் எழுதுவது அப்சர்வேஷன் நோட்டு. சோதனை முடிந்த அன்றே ரீடிங், கணக்கு, முடிவு மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று விட்டால், அடுத்த வாரம் அந்த மேடம் வேறு பேட்ச்சில் இருப்பார். அப்சர்வேஷனில் கையெழுத்து விழுந்தால்தான் ரெக்கார்டில் ஏற்ற முடியும். ரெக்கார்டில் வலது பக்கம் கோடு போட்டது. நோக்கம், கருவிகள், சூத்திரம், செய்முறை, முடிவு எல்லாம் அங்கே பேனாவில். இடது வெள்ளைப் பக்கத்தில் படம், அட்டவணை, கணக்கு பென்சிலில். வாரம் ஒரு சோதனைதான் நடக்கிறது. சனிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் அந்த வார ரெக்கார்டு முடிந்துவிடும். பத்து சோதனையைச் சேர்த்துவைத்து, செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் விடியவிடிய எழுதுபவர்கள் மறுநாள் கை நடுங்க பியூரெட்டைப் பிடிக்கிறார்கள்.

கடைசியில் ஆசிரியரும் துறைத்தலைவரும் கையெழுத்திட்டால்தான் அது பொனஃபைடு ரெக்கார்டு. அதில்லாமல் தேர்வு லேபுக்குள் விட மாட்டார்கள். முதல் பக்க அட்டவணையில் தேதியும் பக்க எண்ணும் அவ்வப்போது நிரப்பிவிடுங்கள். பிரவுன் ஷீட் போட்டு, பஸ்ஸில் மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் கொண்டுபோங்கள். இன்னொருவர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் அவர் செய்த தப்பும் சேர்ந்து வரும். திருத்துகிறவர் கண்ணில் அது உடனே படும்.

8. இயற்பியல் லேபுக்குப் போகும் முன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: அன்றைய சோதனையின் சூத்திரம், கையில் எடுக்கப்போகும் கருவியின் மீச்சிற்றளவு. சாதாரண வெர்னியர் அளவி 0.01 செ.மீ., திருகு அளவி 0.01 மி.மீ. எடுத்தவுடன் சுழிப்பிழை பாருங்கள். அதைப் பார்க்காமல் கம்பியின் தடிமனை அளந்துவிட்டு, விடை ஏன் வரவில்லை என்று மூன்று மணி நேரம் தேடுகிறவர்கள் உண்டு. ஆரம் நான்காம் அடுக்கில் வரும் சூத்திரங்களில் சின்னப் பிழைகூட நான்கு மடங்காகும்.

9. ரீடிங்கை ஒருபோதும் 'குக்' பண்ணாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். விடை வரவில்லை என்றால் அங்கேதான் அறிவியல் தொடங்குகிறது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் சென்னையில் 9.78 வர வேண்டும். உங்களுக்கு 10.8 வந்திருந்தால் ஸ்டாப் வாட்சைத் தட்டும்போது 'பூஜ்யம்' என்பதற்குப் பதில் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். 20 அலைவு என்று நினைத்தது 19தான். நேரம் 5 சதவீதம் குறையும். அது வர்க்கமாகப் போவதால் விடை ஏறத்தாழ 11 சதவீதம் கூடும். விடை கொஞ்சம் குறைவாக வந்தால் நூலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்திருக்கலாம். தப்பு எங்கே என்று கண்டுபிடித்த மாணவி அந்தப் பாடத்தை ஆயுளுக்கும் மறக்க மாட்டாள். பக்கத்து மேஜை ரீடிங்கைத் திருத்தி எழுதியவருக்கு அன்றைய மாலை வீண்.

ரீடிங்கைத் துண்டுத்தாளில் எழுதாமல் நேராக நோட்டில், பேனாவில் எழுதுங்கள். தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதலாம்.

10. வேதியியல் லேபில் முதல் வருடம் பெரும்பாலும் தரம் பார்த்தல். பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலும், பிப்பெட்டை அது உறிஞ்சப்போகும் கரைசலாலும் கழுவுங்கள். கூம்புக் குடுவையை மட்டும் வெறும் காய்ச்சி வடித்த நீரால் கழுவ வேண்டும். அதையும் கரைசலால் கழுவினால் உள்ளே கூடுதல் பொருள் ஒட்டிக்கொண்டு அளவு ஏறிவிடும். பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் முதலில் வெளியேற்றுங்கள். புனலை எடுத்துவிட்டு ரீடிங் பாருங்கள். புனலில் தொங்கும் ஒரு சொட்டு நடுவில் விழுந்து கணக்கைக் கெடுக்கும். நிறமில்லாத கரைசலுக்குப் பிறைத்தளத்தின் அடிமட்டம், பெர்மாங்கனேட்டுக்கு மேல்மட்டம். பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளாதீர்கள். அந்தத் துளியைக் கழித்துத்தான் கருவியில் அளவுக் கோடு போட்டிருக்கிறார்கள். உறிஞ்சுவதற்கு வாய் வேண்டவே வேண்டாம், ரப்பர் பல்பு கேளுங்கள்.

பெர்மாங்கனேட் தரம் பார்த்தலில் தனி நிறங்காட்டி தேவையில்லை. நிலைத்து நிற்கும் முதல் வெளிர் இளஞ்சிவப்பே முடிவுநிலை. ஆக்சாலிக் அமிலத்தோடு செய்யும்போது குடுவையை 60, 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். இரும்பு உப்போடு செய்யும்போது சூடாக்கக் கூடாது, காற்றுப் பட்டே அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். நடுவில் பழுப்பாகக் கலங்கினால் நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை என்று அர்த்தம்.

11. லேப் நாளில் பருத்தி உடை, கால் விரலை மூடிய செருப்பு அல்லது ஷூ. துப்பட்டாவை இரு பக்கமும் பின் செய்யுங்கள். பின்னலைத் தூக்கிக் கட்டுங்கள். அமிலத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தொடும் முன் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். தோலில் அமிலம் பட்டால் வேறு எதுவும் தேடாமல் குழாயடியில் கால் மணி நேரம் காட்டுங்கள், லேப் அட்டெண்டரிடம் உடனே சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைத்து வீட்டுக்கு வந்து காட்டும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

12. லேப் கோட்டை வீட்டுத் துணியோடு ஊறப்போடாதீர்கள். கந்தக அமிலத் துளி பட்ட இடம் அன்று ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அமிலம் அடர்ந்து, இஸ்திரி போடும்போது அங்கே ஓட்டை விழும். அதனால் பட்ட அன்றே நிறையத் தண்ணீரில் அலசி, ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்துத் துவையுங்கள்.

13. அயோடின் கறைக்கு லேபிலேயே மருந்து இருக்கிறது: சோடியம் தயோசல்பேட் கரைசல் ஒரு சொட்டு விட்டால் பழுப்பு மறைந்துவிடும், பிறகு அலசிவிடலாம். பெர்மாங்கனேட் விட்ட பழுப்புக்கு எலுமிச்சைச் சாறு தேயுங்கள். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் வெயில் பட்டுக் கறுக்கும். தேய்த்து ரணமாக்காதீர்கள், தோல் உரியும்போது தானாகப் போகும்.

14. தாவரவியல் பிள்ளைகள் குறுக்குவெட்டு எடுக்கத் தண்டைக் கேரட் துண்டின் நடுவே செருகிப் பிடித்து, புது பிளேடால் தன் பக்கமாக ஒரே இழுப்பாக இழுத்தால் மெல்லிய சீவல் வரும். பிளேடும் பொருளும் நனைந்தே இருக்கட்டும். இருபது சீவல் எடுத்து, தண்ணீர் ஊற்றிய வாட்ச் கிளாஸில் மிதக்கவிட்டு, இருப்பதில் மெல்லியதைத் தூரிகையால் எடுங்கள். முழு வட்டம் வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மெல்லிய அரைவட்டம் தடித்த முழுவட்டத்தைவிட நன்றாகத் தெரியும். சாஃப்ரனினில் ஒரு நிமிடம், பிறகு தண்ணீரில் அலசல், ஒரு சொட்டு கிளிசரின். கவர் ஸ்லிப்பைச் சாய்த்து ஊசியால் மெதுவாக இறக்கினால் குமிழி வராது.

படத்தில் நிழல் தீட்ட வேண்டாம். கூரான பென்சில், விட்டுவிட்டு வராத ஒரே கோடு, குறிப்புகள் எல்லாம் வலப்பக்கம். மைக்ரோஸ்கோப்பில் கண்டதை வரையுங்கள், புத்தகத்தில் கண்டதை அல்ல.

15. கால்குலேட்டரை வாங்கிய அன்றே டிகிரி, ரேடியன் மாற்றுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். நிறமாலைமானி ரீடிங் எல்லாம் தப்பாக வருகிறதென்றால் பாதி சமயம் காரணம் இதுதான். கல்லூரித் தேர்வில் எந்த மாடலுக்கு அனுமதி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

16. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் கால்குலஸ் கட்டாயம். பிளஸ் டூ வகையிடல், தொகையிடல் பாடங்களை முதல் மாதத்திலேயே மறுபடி போட்டுப் பாருங்கள். அலைடு கணிதத்தில் நீங்கள் படிக்கும் வகைக்கெழுச் சமன்பாடுதான் இயற்பியல் வகுப்பில் அலைவுகளாக வந்து நிற்கும். உயிரியல் பிரிவிலிருந்து வேதியியலுக்கு வந்தவர்கள் கணிதப் பிரிவு நண்பர் ஒருவரோடு சேர்ந்து உட்காருவது நல்லது.

17. ஒரு தாளுக்கு ஒரு புத்தகம் போதும், ஆனால் அதை முழுதாகப் படியுங்கள். கைடு தேர்வுக்கு முந்தின வாரத்துக்கு உதவலாம். பாடம் புரிய உதவாது. இயற்பியலுக்கு ஹாலிடே–ரெஸ்னிக், கரிம வேதியியலுக்கு மாரிசன்–பாய்டு போன்றவை நூலகத்தில் இருக்கும். சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும்.

ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1928ல் ஜெர்மன் இயற்பியல் அறிஞர் சொமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவரான எஸ்.சந்திரசேகர், அணு அமைப்பு பற்றிய அவருடைய நூலைத் தானாகவே படித்து முடித்திருந்தார். துணிந்து அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ச் சந்தித்தார். அந்த நூல் எழுதியதற்குப் பிறகு இயற்பியல் வெகுவாக மாறிவிட்டது என்று சொன்ன சொமர்ஃபெல்டு, உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றி அப்போது அச்சில் இருந்த தன் கட்டுரையைக் கொடுத்தனுப்பினார். அந்தக் கட்டுரை கையாண்ட புதிய புள்ளியியலைக் கற்றுக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. கல்லூரி மாணவர்தான்! பெரிய அறிஞர் ஊருக்கு வருகிறார் என்றால் கருத்தரங்கின் கடைசி வரிசையிலாவது போய் உட்காருங்கள்.

18. பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 25ஐச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அசைன்மென்டைக் கெடு நாளுக்கு முன்தினம் கொடுத்துவிட்டு, இரண்டு டெஸ்டையும் எழுதினாலே 20 வாங்கலாம். தன்னாட்சிக் கல்லூரியில் கணக்கு வேறாக இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வினாத்தாள் ஐந்து வருடத்துக்குச் சேர்த்து வாருங்கள். தேர்வுக்குப் பத்து நாள் முன் ஒரு தாளையாவது கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் எழுதுங்கள். தெரிந்திருந்தும் நேரம் போதாமல் கடைசிப் பெரிய கேள்வியை விட்டவர்கள் ஏராளம்.

19. அரியர் விழுந்துவிட்டால்? முதல் செமஸ்டரில் ஒன்றிரண்டு தாள் போவது பல துறைகளில் சகஜம். வீட்டில் மறைக்காதீர்கள். விடைத்தாள் நகல் கேட்டுப் பாருங்கள், எங்கே மார்க் போனது என்பது தெரியும். மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி சீக்கிரம் வரும். அடுத்த செமஸ்டரில் அந்தத் தாளை முதல் ஆளாக எழுதி முடித்துவிடுங்கள். மூன்றாம் வருடம் வரை தள்ளிப்போட்டால் சிலபஸே மாறிவிடும் ஆபத்து உண்டு.

20. பெற்றோருக்கு: நீங்கள் கல்லூரிப் பக்கம் போகாதவர்களாக இருக்கலாம். அதனால் உங்களால் உதவ முடியாது என்று எண்ண வேண்டாம். மாலையில் ஒன்றரை மணி நேரம் அந்தப் பிள்ளையை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். கல்லூரிவிட்டு ஆறு மணிக்கு வந்தவள் பாத்திரம், தண்ணீர், தம்பியின் வீட்டுப்பாடம் எல்லாம் முடித்து பத்து மணிக்கு ரெக்கார்டைத் திறந்தால் என்ன எழுதுவாள்? தம்பியும் பாத்திரம் கழுவலாம்.

"பி.எஸ்சி. படிச்சு என்ன ஆகப்போற, பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினீயரிங் சேர்ந்துட்டான்" என்ற பேச்சை வீட்டில் தயவுசெய்து எடுக்காதீர்கள். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954ல் முடித்ததும் பி.எஸ்சி. இயற்பியல்தான்.

21. காலையில் சாப்பிடாமல் லேபுக்குப் போகக் கூடாது. மூன்று மணி நேரம் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை. ஆவி, வாசனை, வெக்கை வேறு. மயங்கி விழுபவர்களில் பெரும்பாலோர் வெறும் வயிற்றோடு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள்தான். நேரமில்லை என்றால் இரவே இரண்டு வாழைப்பழமும் வேர்க்கடலை உருண்டையும் பையில் வைத்துவிடுங்கள். ஹாஸ்டலில் மெஸ் இட்லி பிடிக்கவில்லை என்றாலும் இரண்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

22. ஹாஸ்டலில் முதல் மாதம் அழுகை வருவது இயல்பு. வார இறுதிக்கு வார இறுதி ஊருக்கு ஓடினால் அது நீண்டுகொண்டே போகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் யாராவது தொந்தரவு செய்தால் பொறுத்துப்போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1997லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். மனம் தாங்காத இரவில் 14416 டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள், தமிழில் பேசலாம்.

23. பணம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு 2022ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், சேர்ந்த மாதமே அவரைப் பாருங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சாதி, வருமானச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் ஜூலைக்குள் எடுத்துவிடுங்கள். பிளஸ் டூவில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்கள் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை அறிவிப்பையும் கவனியுங்கள். அடிப்படை அறிவியல் படிப்போருக்கென்றே ஏற்பட்ட திட்டம் அது.

24. "முடிச்சு என்ன செய்யப்போற?" என்ற கேள்விக்கு முதல் வருடத்திலேயே முழுப் பதில் தேவையில்லை. ஆனால் என்னென்ன வழிகள் உண்டு என்று தெரிந்திருக்கட்டும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு, பிப்ரவரியில் நடக்கும். கணிதக்காரர்களுக்கு 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சி. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித்திட்டத்தில் இரண்டு மாதம் உண்மையான ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யலாம். அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஸ்டாஃப் ரூமுக்குச் சந்தேகம் கேட்கப் போன பிள்ளையை ஆசிரியருக்கு நன்றாகத் தெரியும், கடிதமும் நன்றாக வரும். என்.பி.டெல் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

வாய்ப்புக் கிடைத்தால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1962ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் சென்னை தரமணியிலும், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலும் உள்ளன. துறையில் இன்டஸ்ட்ரியல் விசிட் பேச்சு எழும்போது ஊட்டிக்கு முன் இந்தப் பெயர்களை ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.

25. ஹால் டிக்கெட், கட்டண ரசீது, மதிப்பெண் பட்டியல், என்.எஸ்.எஸ். சான்றிதழ், திருத்தி வந்த ரெக்கார்டு எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே பெட்டி. ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பழைய ரெக்கார்டுகளை எடைக்குப் போட வேண்டாம். வருடக் கடைசியில் அடுத்த பேட்ச் தம்பி தங்கைகள் வந்து கேட்டால், ஒரு சோதனையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பிறகு கொடுங்கள்.